போணி ஆகும் வரை

என் மாமனாரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டின் முழுநேர வேலையாக இருந்தது. துணி வியாபாரம் அதற்கு அடுத்தபடிதான். இப்படிச் சொன்னால் அந்தக் குடும்பத்தில் இன்று மிச்சமிருப்பவர்கள் என்மேல் பாய்வார்கள். பாயட்டும். அய்யாவை ராஜா மாதிரி வைத்திருந்தோம் என்று அவர்கள் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, வேளாவேளைக்குச் சாப்பாடு, தைப்பொங்கலுக்குப் புதுச் செருப்பு என்று எல்லாம் செய்தது உண்மைதான். அந்த ராஜாவுக்குக் கண் மூட மட்டும் அனுமதி கிடையாது.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் மெட்ராஸுக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், கடைகள் நெருக்கியடித்த தெருவில் மாமனாரின் துணிக்கடை. கடைக்கு மேலே மாடியில் வீடு. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் மாமனார், அவருடைய மூத்த மகன், மூத்தவரின் மனைவியான என் ஓரகத்தி, அவர்களுடைய பிள்ளைகள், கடைசியாக நானும் என் வீட்டுக்காரரும். என் வீட்டுக்காரர் இளைய மகன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம்.

மாமனார் கைக்கு ராசி என்று பெயர். காலையில் கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரத்தைப் போணி என்பார்கள். போணி நல்ல கையால் ஆனால் நாள் முழுக்க வியாபாரம் ஓடும், சொத்தைக் கையால் ஆனால் ஈ ஓட்ட வேண்டியதுதான். எங்கள் கடையில் முதல் துணியை மாமனார்தான் வெட்டுவார். அதற்கென்றே ஒரு கத்தரிக்கோல், மஞ்சள் பையில் போட்டு அவரிடமே இருக்கும். முதல் பணத்தையும் அவரே வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் துணியைத் தொடலாம். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மூத்தவர் தானே போணி பண்ணினார். வாங்கியவர் மத்தியானமே துணியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம் மழை பெய்து பின்கட்டில் ஒழுகி, மல் துணிக் கட்டு ஒன்று ஊறிப்போனது. அன்றோடு மூத்தவருக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பின்கட்டுக் கூரையின் ஓடுகளை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மாமியார் போனதிலிருந்து மாமனாருக்கு இரவில் தூக்கம் வராது. விடிகிற நேரத்தில், பால்காரர் மணி அடிக்கிற சமயத்தில்தான் கண் செருகும். பிறகு வெயில் ஏறுகிற வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார். மாடியில் குடியிருந்தவரை இதில் யாருக்கும் கஷ்டமில்லை. கடை திறந்ததும் யாராவது கீழேயிருந்து குரல் கொடுப்பார்கள். அவர் இறங்கிப் போய்ப் போணி பண்ணிவிட்டு மறுபடியும் படியேறிப் படுத்துவிடுவார். பாதித் தூக்கம் முன்னால், பாதித் தூக்கம் பின்னால். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வியாபாரம் பெருத்ததும் மூத்தவர் அசோக் நகரில் மனை வாங்கி வீடு கட்டினார். மாடி வீடு முழுக்கச் சரக்கு அடுக்கும் இடமாகிவிட்டது. புது வீட்டில் மாமனாருக்குத் தனி அறை, கொசுவலை, மின்விசிறி, இலவம்பஞ்சு மெத்தை. அந்த மெத்தையில் அவர் படுத்த நேரத்தைவிட உட்கார்ந்த நேரம்தான் அதிகம். அசோக் நகரிலிருந்து கடைக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போக வேண்டும். போவதற்கு முன் குளித்து, திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டாக வேண்டும். ஆக, கண் செருகிய கொஞ்ச நேரத்திலேயே எழுப்பினால்தான் சரிப்படும். தினமும் எழுப்பினார்கள். முதலில் குரல் கொடுப்பது, பிறகு காலைத் தட்டுவது, பிறகு மின்விசிறியை நிறுத்துவது, கடைசியில் மூத்தவர் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துவிடுவது.

"அய்யா, எந்திரிங்க. கடை காத்துக்கிட்டு கெடக்கு."

"இன்னும் ஒரு பொட்டு நேரம்லே."

"வந்து தூங்கிக்கிடலாம்யா."

வந்து எங்கே தூங்குவது? போணி முடிந்ததும் அவரை அனுப்பிவிட மாட்டார்கள். பெரிய முதலாளி உட்கார்ந்திருந்தால் கடைக்கு ஒரு களை என்று மத்தியானம் வரை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்கள். கடையில் கண்ணசந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாளாம். அதனால் தலை ஆடினால் போதும், சரக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள் ஒருவன் கோலி சோடா ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பட்டென்று உடைத்துத் திறப்பான். மாமனார் தூக்கிவாரிப் போட்டு நிமிர்வார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார் என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிடும்போது வேடிக்கையாகச் சொன்னார். நான் சாதக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அங்கே ஓரகத்தியின் ராஜ்ஜியம். பகலில் தூங்கினால் இரவில் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு நடமாடுவார், பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடும் என்பது அவள் கட்சி. அதற்காக அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பாள். முருங்கைக்கீரை உருவச் சொல்வாள், உளுந்தில் கல் பார்க்கச் சொல்வாள், பால் பொங்குகிறதா என்று அடுப்பங்கரையில் நிற்கச் சொல்வாள். ஒரு தடவை அவர் நின்றவாறே தூங்கிப் பால் பொங்கி வழிந்துவிட்டது. "ஒரு வேலைக்கு ஆவுதாவளா பாரேன்" என்று அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். காலையில் புருஷன் எழுப்புவான், மத்தியானம் பெண்டாட்டி எழுப்புவாள். இப்படியொரு பொருத்தம் எந்த ஜோசியருக்கும் அமையாது.

நான்தான் பிடிவாதம் பிடித்து அவரை மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போக வைத்தேன். நல்ல மனிதர். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "வயசாயிடுத்துன்னா தூக்கம் கொறையறது சகஜம். ஆத்துல பகல்ல ரொம்பத் தூங்க விடாதேள். தெனமும் ஒரே நேரத்துக்கு எழுந்துக்கட்டும். சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம். காத்தாட நடக்கட்டும். முக்கியமா, அவர் மனசுல என்ன இருக்குன்னு ஒக்காந்து பேசுங்கோ." ஓரகத்தி முதல் வாக்கியத்துக்கு அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவர் அதற்கடுத்ததைப் பிடித்துக்கொண்டார். ஒரே நேரத்துக்கு எழுப்பச் சொல்லி டாக்டரே சொல்லிவிட்டாரே! உட்கார்ந்து பேசச் சொன்னதை டாக்டர் சொன்ன மாதிரியே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. காபியும் இரவு வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு வாரம் ஓடியிருக்கும். மாமனார் இரவில் தூங்கினார். ஆனால் காலையில் மாத்திரையின் மப்பு தெளிவதற்கு முன்பே இழுத்துக்கொண்டு போய்க் கடையில் உட்கார வைத்தார்கள். அவர் சட்டைத்துணியைக் குறுக்கே வெட்டிவிட்டார். வந்தவர் முதல் வாடிக்கையாளர், அவரிடம் சண்டை போட முடியுமா? வேறு துணி கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை சாக்கடைக்குப் போனது. மறுநாளிலிருந்து மாமனார் துணி வெட்டும்போது மூத்தவர் பின்னால் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், பிள்ளைக்கு அரிசியில் 'அ' எழுதப் பழக்குவதைப் போல. கை அய்யாவுடையது, பலம் மகனுடையது. ராசிக்கு அது போதும் போலிருக்கிறது.

காத்தாட நடக்கச் சொன்னாரே என்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறு பக்கத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். மாமனார் மணலில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பிறகு துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, அத்தனை வெளிச்சத்தில், வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் தளர்ந்து, யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தார். சுண்டல் விற்கிறவர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பெர்சுக்கு இன்னா ஆச்சு? உசுரு கீதா?" அதைக் கேட்டு நாலு பேர் கூடிவிட்டார்கள். மூத்தவருக்கு மானம் போய்விட்டது. தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி, மணலைத் தட்டிவிட்டு, டாக்சியில் ஏற்றினார். அதற்குப் பிறகு கடற்கரைப் பேச்சே கிடையாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமனார் என்னிடம் ஒன்று கேட்டார். கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது முணுமுணுத்தார். "தாயி, ஒரே ஒரு நாளைக்கு யாரும் எழுப்பாம தூங்கணும். அதுக்கு என்ன வழின்னு பாரு." எழுபதைத் தாண்டிய மனிதர், கடைக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரர், பிச்சை கேட்கிற குரலில் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். மூத்தவர் ஈரத்துண்டோடு வந்தார்.

"மாமா தூங்குதாவ. எழுப்பணும்னா என்னைத் தாண்டிப் போங்க."

தம்பி பெண்டாட்டியை எந்த அண்ணன் தாண்டிப் போவான்? அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல முத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார். ஓரகத்தி கரண்டியோடு வந்தாள்.

"போணி யாரு பண்ணுவா? உங்க அப்பனா வந்து பண்ணுவாரு?"

"நானே பண்ணுதேன்."

"நீயா? வயித்துல ஒண்ணு தங்கல, நீ போணி பண்ணித் தங்கவா போவுது?"

கல்யாணமாகி நாலைந்து வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் அதுவரை பக்கத்து வீட்டில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றுதான் என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இவ்வளவு சத்தத்தில் மாமனார் எழுந்துவிட்டார். அவர் தூக்கத்துக்காக நான் போட்ட சண்டைதான் அன்று அவரை எழுப்பியது. கொசுவலையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. தலைமாட்டிலிருந்த மஞ்சள் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் அமுக்கினார்.

"என் ராசியெல்லாம் இந்தா, இவளுக்குக் குடுத்துட்டேன். இவளைக் கூட்டிட்டுப் போங்கலே. என்னைத் தூங்க விடுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அய்யா வாயால் வந்த வார்த்தையை மூத்தவரால் மீற முடியவில்லை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினேன். ரிக்‌ஷாக்காரர், "இன்னாம்மா, பெர்சு வர்லியா? தூங்கிக்கினு கீதா?" என்றார். "ஆமா, தூங்குதாவ" என்று நான் சொன்னதில் இருந்த திமிர் எனக்கே இனித்தது.

அன்றைக்கென்று பார்த்துக் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ஆள் வந்தார். ஏதோ கூட்டமாக ஆடுகிற ஆட்டத்துக்குச் சிவப்பு சாட்டின் வேண்டுமாம். நான் முதல் கஜத்தை வெட்டினேன். அவர் இருக்கிற துணிக் கட்டுகளையெல்லாம் கேட்டார். மாடியிலிருந்து இறக்கினார்கள், போதவில்லை, பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது மூத்தவர் என்னைப் பார்த்த பார்வையே மாறியிருந்தது. மறுநாள் காலை ஓரகத்தியே காபி கொண்டுவந்து என்னை எழுப்பினாள். முந்தின நாள் வயிற்றைப் பற்றிப் பேசிய அதே வாய், "கண்ணு, நேரமாச்சு" என்றது.

மாமனார் தூங்கினார். எத்தனை வருஷத்துக் கடனோ, விடியலில் படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். கன்னத்தில் சதை வைத்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மகராசி" என்பார். நானும் வெற்றி பெற்ற களிப்பில் இருந்தேன். கடையில் நான் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி இப்போது எழுதினால் பொய்யாகிவிடும்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலை நான் புறப்படும்போது மாமனார் குளித்து, திருநீறு பூசி, சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தூக்கம் தீர்ந்துவிட்டது, இனி கடைக்கு வரலாம் என்று நினைத்தாராம்.

"நீங்க படுங்க அய்யா. அதான் அவ போறால்ல" என்றார் மூத்தவர்.

"நானும் சும்மா வாரேன்."

"வேண்டாம்யா. ரெண்டு கை கலக்கக் கூடாது."

குரலில் அன்பு ஒழுகியது. அதுதான் அந்த ஆளிடம் எனக்குத் தாங்க முடியாத விஷயம், எதைச் செய்தாலும் அன்பாகச் செய்வார். அதற்குப் பிறகு மாமனார் தினமும் தானாகவே எழுந்தார். யாரும் எழுப்பவில்லை, ஆனாலும் எழுந்தார். பழைய நேரத்துக்கே குளித்துவிட்டுக் கேட்டருகே உட்கார்ந்தார். ரிக்‌ஷா அவரைத் தாண்டி என்னை ஏற்றிக்கொண்டு போகும். போகும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், என் கையிலிருக்கும் மஞ்சள் பையைத்தான் பார்ப்பார்.

ஒரு நாள் அவர் பஸ் பிடித்துத் தானாகவே கடைக்கு வந்துவிட்டார். இன்னும் போணி ஆகவில்லை. படியில் காலை வைத்தவரை மூத்தவர் ஓடிப்போய்த் தடுத்தார்.

"போணி ஆகட்டும்யா. ஆனதும் உள்ள வாங்க."

தான் கட்டிய கடைக்கு வெளியே, நடைபாதையில், வெயிலில் நின்றார். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. அன்று பார்த்து முதல் ஆள் வரத் தாமதமானது. தெருவில் போகிற பழைய வாடிக்கைக்காரர்கள், "என்ன அண்ணாச்சி, வெளிய நிக்கீங்க?" என்று கேட்டார்கள். "காத்து வாங்குதேன்" என்றார். நான் உள்ளே கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவரைக் கூட்டிவந்திருக்கலாம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை.

அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். காபியை ஓரகத்தி கொடுத்தால் குடிப்பார், நான் கொடுத்தால் தட்டிவிடுவார். "தூக்கக் கலக்கத்துல குடுத்துட்டேன். அதை நீ திருப்பிக் குடுத்திருக்கணும். கள்ளி." பகலிலும் தூக்கம் போனது. ஓரகத்திக்கு அவரை விழிக்க வைக்கிற வேலை மிச்சமானது. கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பார். உடம்பு உருகியது, நடை தடுமாறியது, பிறகு படுக்கையோடு படுக்கையானார். மயிலாப்பூர் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "மனசுல என்னவோ இருக்கு, கேட்டேளா?" என்றார். மூத்தவர் தலையாட்டினார். கேட்பதற்கு என்ன இருக்கிறது, எங்கள் எல்லோருக்கும்தான் தெரியுமே.

ஒரு விடியற்காலையில் கஞ்சி கொண்டுபோனேன். ஓரகத்தி எழுந்திருக்கவில்லை. அவர் கஞ்சியைப் பார்க்கவில்லை. என் வலது கையை எட்டிப் பிடித்தார்.

"இங்கன உக்காரு. கையைக் குடு. கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கிடுதேன்."

ஒரேயடியாகக் கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் உட்கார்ந்தேன். என் விரல்களைத் தன் விரல்களுக்குள் கோத்துக்கொண்டு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தூங்கினார். எனக்கு அழுகை வந்தது.

ஆனால் வெயில் ஏறியதும் மூத்தவர் கதவருகே வந்து நின்றார். கடிகாரத்தைக் காட்டினார். நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மாமனார் விழித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. விடியலில் என் கையைப் பிடித்தால்தான் அவர் கண் மூடும். கடைக்குப் போக அந்தக் கையை நான் பிடுங்க வேண்டும். ஈரத்துண்டும் மின்விசிறியும் போய், அவரை எழுப்புகிற வேலை என் விரலுக்கு வந்திருந்தது. இடது கையை மாற்றி வைத்துப் பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் போகாமல் இருந்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் ஆடிப்போயிரும்" என்றார். நானும் மறுநாள் வழக்கம்போலப் புறப்பட்டேன். வாசலில் குறுக்கே உட்கார்ந்த அந்தப் பெண் எங்கே போனாள் என்று என்னைக் கேட்டால், அவள் பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசி நாளும் அப்படித்தான். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், மூத்தவர் சீக்கிரமே கதவருகே வந்துவிட்டார். நான் விரலைப் பிரித்தேன். மாமனார் கண்ணைத் திறந்தார். கோபமே இல்லை. பழைய குரலில் கேட்டார்.

"இன்னும் ஒரு பொட்டு நேரம், தாயி."

"நேரமாச்சு மாமா."

சுண்டுவிரல் மட்டும் விடவில்லை. அதையும் இழுத்து எடுத்துக்கொண்டேன். அவர் கை சூடாக, ஈரமாக இருந்தது. நான் போகும்போது விழித்த கண்ணோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போணி நன்றாகவே ஆனது. வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்பு ரிக்‌ஷாக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். "அம்மா, பெர்சு பூட்ச்சும்மா. வூட்ல உன்னிய இட்டாரச் சொன்னாங்க." மூத்தவர் கதறிவிட்டார். நடிப்பில்லை, நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். கடையில் இருந்த கூட்டம் கலைந்தது. ஷட்டரை இறக்கினார்கள். பாதி இருட்டில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ கையை எடுக்கும்போது அய்யாவுக்கு உசிரு இருந்துச்சா?"

எனக்கு உடனே புரிந்தது. செத்தவரின் கையிலிருந்து எடுத்த கையால் நான் போணி பண்ணியிருந்தால் அது தீட்டுக் கை, ராசி போன கை. உயிரோடு இருந்தபோது எடுத்திருந்தால் ராசி என்னிடமே நிற்கும், நாளைக்கும் நான் வர வேண்டும். அப்பன் செத்துக் கிடக்கிறான், இவர் அதைக் கணக்குப் பார்க்கிறார். கதவருகே நின்றவர்தானே, அய்யா பேசியது அவர் காதில் விழவில்லையா? விழுந்திருக்காது. அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல பெரியத்தான். கை ஜில்லுன்னு இருந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாவ போலிருக்கு. எனக்குத்தான் தெரியல."

அவர் இரண்டடி பின்னால் போனார். மஞ்சள் பையை என்னிடமிருந்து வாங்கவில்லை, தரையில் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மூத்தவரே சொன்னார். "தூக்கத்துலயே போயிட்டாவ. ஒரு கஷ்டம் படல." ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டார், கடை ஆட்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சாவு, கொடுத்து வைத்த மனுஷர், நல்லாத் தூங்குகிற மாதிரியே இருக்கிறார். ஓரகத்தி எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டே அதைச் சொன்னாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்த அன்று, அய்யா காபி வாங்கிக் குடித்த கை என்று சொல்லி, போணி பண்ண ஓரகத்தியைக் கூட்டிப்போனார்கள். அவளுக்குக் காலைத் தூக்கம் என்றால் உயிர். ஈரத்துண்டோடு மூத்தவர் அவளை எழுப்புகிற சத்தம் என் அறை வரை கேட்டது. யாரும் என் கதவைத் தட்டவில்லை. நான் திரும்பிப் படுத்து, வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும் வரை தூங்கினேன்.